நட்சத்திரத்தை எப்போது கட்டுவது, எப்போது அவிழ்ப்பது

கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு தெருவில் யாராவது ஒருவர் வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரத்தைத் தூக்கிவிடுவார். அன்றைக்குப் பின்னேரமே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் “எங்கட வீட்ட எப்ப கட்டுற?” என்று தொடங்கும். அம்மா “அப்பாவக் கேளு” என்பார். அப்பா “மழ விடட்டும்” என்பார். அம்மம்மா “வருகைக் காலத்தில என்ன கொண்டாட்டம்?” என்று கேட்பார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பிலும் கல்முனை, திருக்கோவில் பக்கத்திலும் கிறிஸ்மஸ் தொடங்குவதை அடுப்பு, ஆலயம், மழை என்ற மூன்றும் தனித்தனியாகத் தீர்மானிக்கின்றன. மூன்றையும் ஒரே நாளுக்கு இழுத்து வைக்கப் பார்க்கிறவர்களுக்கு ஈரக் கடதாசியும் நமுத்த முறுக்கும்தான் மிச்சம்.

அடுப்படியில் முந்தித் தொடங்க வேண்டும், வாசலில் பிந்தித் தொடங்க வேண்டும், அவிழ்ப்பதற்கு அவசரப்படக் கூடாது. இப்போது நடப்பது பெரும்பாலும் தலைகீழ். டிசம்பர் முதலாம் திகதி லைற் எரியும், 22ஆம் திகதி கேக் அடிப்பார்கள், ஜனவரி 2ஆம் திகதி மரம் பெட்டிக்குள் போய்விடும்.

ஆலயக் கணக்கை முதலில் பார்ப்போம். கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் அதற்கு முந்திய நான்காவது ஞாயிறில் தொடங்கும். அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் விழும். நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்குக் கிட்டிய ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பிழைக்காது. 2026இல் கிறிஸ்மஸ் வெள்ளிக்கிழமை, ஆகவே முதல் ஞாயிறு நவம்பர் 29. 2028இல் கிறிஸ்மஸ் திங்கட்கிழமை. முதல் ஞாயிறு டிசம்பர் 3 வரை தள்ளிப் போகும், நான்காம் ஞாயிறு 24ஆம் திகதியாகவே இருக்கும். அந்த ஆண்டு திருவருகைக் காலம் 22 நாள்தான். கிறிஸ்மஸ் ஞாயிற்றுக்கிழமை வரும் ஆண்டில் 28 நாள் கிடைக்கும். திங்கட்கிழமைக் கிறிஸ்மஸ் வீட்டுப் பெண்களுக்குக் கஷ்டமான கிறிஸ்மஸ். ஞாயிறு காலையில் ஒரு திருப்பலி, அன்றிரவே நள்ளிரவுத் திருப்பலி, நடுவில் சமையல். அப்படியான ஆண்டில் அடுப்பு வேலையை 23ஆம் திகதியோடு முடித்துவிட வேண்டும்.

கத்தோலிக்க ஆலயத்தில் இந்த வாரங்களின் நிறம் ஊதா. மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் ரோசா. ஞாயிறுத் திருப்பலியில் வானவர் கீதம் என்ற புகழ்ப் பாட்டைப் பாடுவதில்லை, அது 24ஆம் திகதி இரவுக்குக் காத்திருக்கும். டிசம்பர் 17இலிருந்து வாசகங்கள் நேராகப் பிறப்பை நோக்கித் திரும்பும். அம்மம்மா சொல்வதன் பொருள் இதுதான்: 17 வரைக்கும் வீடு ஆயத்தத்தில் இருக்கலாம், கொண்டாட்டத்தில் இருக்கத் தேவையில்லை. மெதடிஸ்த வீடுகளில் கொஞ்சம் வேறு மாதிரி. 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்து இறங்கிய நாளிலிருந்து வேர்விட்ட சபை அது. அங்கே கரோல் ஆராதனை கிறிஸ்மஸுக்கு முந்தியே நடந்துவிடும், பாட்டும் முந்தியே தொடங்கும். கூட்டுக் குடும்பத்தில் இரண்டு சபையும் இருந்தால் பாட்டை மெதடிஸ்த நாட்காட்டிக்கும் குழந்தை இயேசுவான பாலனைக் கத்தோலிக்க நாட்காட்டிக்கும் விட்டுவிடுவது வீட்டுக்குள் சமாதானம் தரும்.

ஆனால் வீட்டு வேலை நவம்பருக்காகக் காத்திருக்க முடியாது. சுவருக்குப் பெயின்ற் அடிக்க வேண்டுமென்றால் ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் அடித்து முடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மாரி இறங்கிவிடும். டிசம்பர்தான் எங்கள் கரையில் மழை கூடிய மாதம். நனைந்த சுவரில் அடித்த பெயின்ற் தை மாதத்தில் கொப்பளித்து உரியும். சந்தேகம் இருந்தால் ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்த ஆண்டு சுவரைத் துடைத்து, திரைச்சீலையை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். உடுப்பும் அப்படித்தான். தையல்காரரிடம் துணியை நவம்பர் நடுவுக்குள் கொடுக்காவிட்டால், புது வருடப் பள்ளிச் சீருடைகளோடு உங்கள் சட்டையும் ஒரே குவியலில் கிடக்கும்.

இனிக் கேக். ரிச் கேக்தான் ஒரு வீட்டின் உண்மையான தொடக்க நாள் என்று நினைக்கிறேன். நவம்பர் முதல் வாரத்தில் பழம் வெட்டி ஊறப்போட வேண்டும், நவம்பர் கடைசி வாரத்தில் சுட வேண்டும், அதன் பிறகு மூன்று நான்கு வாரம் அது தன் பாட்டில் இருந்து முற்ற வேண்டும். 20ஆம் திகதி சுட்ட ரிச் கேக்கில் பிரண்டி தனியாக, ஏலம் தனியாக, இஞ்சி தனியாக நாக்கில் படும். முற்றியதில் ஒன்றுமே தனியாகத் தெரியாது.

நடுத்தரமான ஒரு தட்டுக்கு ரவை 250 கிராம், பட்டர் 250 கிராம், சீனி 350 கிராம், முட்டை மஞ்சட்கரு 12, வெள்ளைக்கரு 6 போதும். கஜு 250 கிராம், சுல்தானா 250, பூசணித் தோசி (சீனிப்பாகில் ஊறியது) 250, சௌசௌ 250, இஞ்சித் தோசி 100, செரி 100, தோடம்பழத் தோல் 50, தேன் இரண்டு மேசைக்கரண்டி, பிரண்டி 100 மில்லிலீற்றர். கறுவா, ஏலம், கராம்பு மூன்றையும் புதிதாக இடித்து, எல்லாமாக இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போகாமல் சேர்க்க வேண்டும். ரோஸ் எசன்ஸ், வனிலா தலா ஒரு தேக்கரண்டி. கஜுவைத் தூளாக்காமல் மிளகுப் பருமனுக்கு வெட்டினால்தான் கடிபடும். பழங்களையும் அதே பருமனுக்கே வெட்டுங்கள். பெரிய துண்டு வெட்டினால் பிறகு கேக்கை நறுக்கும்போது ஓரம் பிய்ந்து வரும்.

ரவையை வெறும் தாச்சியில் இளஞ்சூட்டில் மணம் வரும்வரை வறுத்து, அந்தச் சூட்டிலேயே பட்டரைப் போட்டுக் கலந்து சில மணி நேரம் வைக்க வேண்டும். ரவை பட்டரைக் குடித்து இளகும். இந்த வேலையை விட்டுவிட்டு நேராகக் கலவையில் கொட்டினால் கேக்கில் மணல் கடிக்கும். மஞ்சட்கருவையும் சீனியையும் வெளுக்கும்வரை அடித்து, ரவையைச் சேர்த்து, பழத்தைச் சேர்த்து, கடைசியாக நுரைக்க அடித்த வெள்ளைக்கருவை மெதுவாக மடித்துவிட வேண்டும். ஊறிய பழத்தில் தண்ணீராக நிற்கும் பிரண்டியை வடித்து வைத்துக்கொள்ளுங்கள்; கேக் சுட்ட பிறகு மேலே தெளிக்க அது உதவும். அதையும் கலவைக்குள் ஊற்றுகிறவர்களுக்குத்தான் கேக்கின் நடுப்பகுதி களியாக வரும்.

தட்டுக்கு அடியிலும் ஓரங்களிலும் பத்திரிகைக் கடதாசி ஆறேழு மடிப்பு, அதன் மேல் பட்டர் பூசிய எண்ணெய்க் கடதாசி. 150 பாகை செல்சியஸ், இரண்டு முதல் இரண்டரை மணித்தியாலம். மேல்பக்கம் முந்திக் கறுத்தால் இன்னொரு கடதாசியால் மூட வேண்டும், சூட்டைக் குறைப்பதால் பயனில்லை. வீட்டில் போறணை இல்லாதவர்கள் தட்டைப் பேக்கரிக்குக் கொடுப்பார்கள். கொடுக்கும்போது பாண் இறக்கிய பிறகு, சூடு இறங்கும் நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பாண் வேகும் சூட்டில் ரிச் கேக் ஒரு மணி நேரத்தில் வெளியே கரி, உள்ளே பச்சை. டிசம்பர் 10க்குப் பிறகு பேக்கரிக்காரருக்கு இதையெல்லாம் கேட்க நேரம் இருக்காது.

சுட்ட அன்றே வெட்டக் கூடாது. தட்டோடு ஆறவிட்டு, மறுநாள் பிரண்டி தெளித்து, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, மூடி இறுக்கமான தகரப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை ஒரு மேசைக்கரண்டி தெளித்தால் போதும். 22 அல்லது 23இல் கத்தியைச் சுடுதண்ணீரில் தோய்த்துத் தோய்த்து வெட்டி, துண்டு துண்டாகச் சுற்றலாம். பட்டர் கேக்குக்கு இந்தப் பொறுமை தேவையில்லை. பட்டர், சீனி, மா தலா 500 கிராம், முட்டை 10, பேக்கிங் பவுடர் மூன்று தேக்கரண்டி. 23ஆம் திகதி சுட்டு 28க்குள் தின்று தீர்க்க வேண்டியது அது.

பலகாரத் தட்டு யாருக்குப் போகிறது என்பதும் இந்த நாட்கணக்கோடு சேர்ந்தது. காத்தான்குடி, ஏறாவூர், மருதமுனை, சாய்ந்தமருது முஸ்லிம் நண்பர்களுக்குப் பிரண்டிக் கேக் போகக் கூடாது. “கொஞ்சம்தான் போட்டது” என்று சொல்லிக் கொடுப்பது மரியாதையில்லை. ஒன்றில் பட்டர் கேக் கொடுங்கள், இல்லாவிட்டால் தோடம்பழச் சாறிலும் தேனிலும் ஓர் இரவு ஊறிய பழத்தில் தனித் தட்டு ஒன்று சுடுங்கள். பிரண்டி தோய்ந்த கரண்டியும் பாத்திரமும் அதில் படாமல் பார்க்க வேண்டும். அந்தக் கேக் முற்றாது, வைத்திருக்கவும் முடியாது, ஆகவே 22க்கு முன் சுடுவதில் பிரயோசனம் இல்லை.

சைவ வீடுகளில் சிக்கல் வேறு. பிள்ளையார் பெருங்கதை 21 நாள் விரதம் கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி மார்கழிச் சஷ்டி வரை போகும். திருவாதிரையோடு முடியும் திருவெம்பாவை 10 நாள். நிலாக் கணக்கு என்பதால் ஆண்டுக்கு ஆண்டு நகரும். சில ஆண்டு இரண்டில் ஒன்று கிறிஸ்மஸ் மேலேயே வந்து விழும். அந்த நாட்களில் முட்டை போட்ட எதுவும் அந்த வீட்டில் யாருக்கும் உதவாது. பலரும் மறப்பது அச்சுப் பலகாரத்தை. மாவில் முட்டை அடித்துத்தான் பெரும்பாலும் செய்கிறோம். முறுக்கும் பயற்றம் பணியாரமும் பயமில்லாமல் போகலாம், ஆனால் கட்லட்டும் பற்றிஸும் பொரித்த எண்ணெயில் அவற்றைப் போட்டிருக்கக் கூடாது. ஆகவே பொரிக்கிற ஒழுங்கு இது: புது எண்ணெயில் முறுக்கு, அடுத்து பணியாரம், பிறகு அச்சுப் பலகாரம், கடைசியில் மீனும் இறைச்சியும். தெருவுக்கான தட்டை நிரப்பி மூடிவிட்டு, வீட்டுக்கு வேண்டியதைப் பொரிக்கலாம்.

முறுக்கை 20ஆம் திகதிக்கு முன் சுடுவதில் அர்த்தமில்லை. எங்கள் டிசம்பர் காற்றில் ஈரம் அவ்வளவு. வறுத்த அரிசிமா நான்கு சுண்டுக்கு வறுத்து அரைத்த உழுத்தம்மா ஒரு சுண்டு, எள்ளு, நற்சீரகம், உப்பு, சூடாக்கிய எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. தேங்காய்ப்பாலில் குழைத்தால் ருசி கூடும், ஆனால் ஒரு வாரத்தில் காறல் வாசம் வரும். ஜனவரி வரைக்கும் வைக்கிற முறுக்கைத் தண்ணீரில் குழைப்பதே நல்லது. வெயில் இல்லாத மாதத்தில் மாவைக் காயவைக்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். இடித்த அன்றே வறுத்து ஆறவிட்டுத் தகரத்தில் போடுங்கள். சூடு ஆறாத முறுக்கை அடைத்து மூடியவர்கள் மறுநாள் அதை ரப்பராகக் காண்பார்கள்.

அடுப்பு இப்படி ஓடிக்கொண்டிருக்க, வீட்டு மண்டபத்தில் முதல் ஞாயிறு தொட்டு இருக்க வேண்டியது திருவருகை வளையம் மட்டும்தான். மூன்று ஊதா மெழுகுதிரி, ஒரு ரோசா, நடுவில் கிறிஸ்மஸுக்கு ஒரு வெள்ளை. சுற்றியிருக்கும் பச்சையை வாரத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டியிருக்கும். குரோட்டன் இலை சவுக்கைவிட நின்று பிடிக்கும். சவுக்கு காய்ந்தால் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைக்கிற பொருளே இல்லை. மரத்துக்காகச் சவுக்குக் கொப்பு தேடுகிறவர்களுக்கும் ஒரு சொல்: சுனாமிக்குப் பிறகு கரையோரம் நட்ட சவுக்கு காற்றையும் அலையையும் தடுக்க நட்டது. அதில் கை வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் மரம் பிடிக்காவிட்டால் வளவில் நிற்கிற கொய்யாக் கொப்பு ஒன்றை வெட்டி, இலை உரித்து, வெள்ளை அடித்து நட்டாலும் மரம்தான்.

பாலன் குடில் வேலைக்கு 13 அல்லது 14ஆம் திகதி நல்ல நாள். அதற்குக் காரணம் முளை. குடிலைச் சுற்றி வயல் காட்ட வேண்டுமென்றால் நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஈரச்சாக்கில் கட்டி, வேர் எட்டிப்பார்த்ததும் மண் நிரப்பிய தட்டில் தூவ வேண்டும். தூவி 10, 11 நாளில் பார்க்க அழகான உயரம் வரும். குரக்கன் எட்டு நாளில் வரும், புல்தரை மாதிரி நெருக்கமாக நிற்கும். பயறு மிக வேகம்; ஐந்தாம் நாளே கழுத்து நீண்டு சரியத் தொடங்கும், ஆகவே 19ஆம் திகதிக்கு முன் போட வேண்டாம். தட்டை இருட்டு மூலையில் வைத்து வளர்த்தால் மஞ்சளாக நீளும். யன்னலோரம் வைத்து, நாளுக்கு ஒரு முறை கையால் தண்ணீர் தெளித்தால் போதும்.

வைக்கோல்தான் பெரிய தலையிடி. மாட்டுத்தொழுவம் என்றால் வைக்கோல் வேண்டும், ஆனால் டிசம்பரில் பெரும்போக வயல் பச்சையாக நிற்கிறது. அறுவடை தை கடைசியிலிருந்துதான். கிடைப்பதெல்லாம் சிறுபோகத்து வைக்கோல், ஆவணி புரட்டாசியில் போரிட்டு மாரியில் நனைந்தது. போரின் வெளிப்பக்கத்தில் இழுத்து வந்தால் பூஞ்சணமும் எறும்பும் கூடவே வரும். போருக்குள் கையை விட்டு உள்வைக்கோலாக இழுத்து, வீட்டுக்குள் விசிறிக்குக் கீழே இரண்டு நாள் விரித்து, உதறிய பிறகே குடிலுக்குப் போடுங்கள். புரட்டாசியிலேயே ஒரு கட்டு வாங்கிப் பரணில் போட்டு வைக்கிறவர்கள் கெட்டிக்காரர். குடிலுக்குள் சிறு பல்ப் போடுகிறவர்கள் அது வைக்கோலில் முட்டாமல் கம்பியில் தொங்கவிட வேண்டும். எல்ஈடி பல்ப் சூடாகாது என்று சொல்வார்கள். பல்ப் ஆகாவிட்டாலும் அதன் அடாப்டர் சூடாகும்.

சுரூபங்களை ஒரே நாளில் எல்லாம் அடுக்கிவிடுவது எனக்கு ஒவ்வாது. 17இலிருந்து தொழுவமும் மாடும் கழுதையும். 24 மாலையில் மரியாளும் சூசையும். பாலன் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, வீட்டில் இளைய பிள்ளையின் கையால். மூன்று ராசாக்களை மண்டபத்தின் மறு கோடியில், அலுமாரி மேல் நிறுத்தி, நாளுக்கு ஒரு சாண் நகர்த்தினால் அவர்கள் பாலனைக் காண வந்த திருக்காட்சித் திருநாள் அன்று குடிலுக்கு வந்துசேர்வார்கள். கிறிஸ்மஸ் 25ஆம் திகதியோடு முடியவில்லை என்று பிள்ளைகளுக்கு விளங்கவைக்க இதைவிடச் சுலபமான வழி தெரியவில்லை.

இப்போது அந்த நட்சத்திரம். மூங்கில் அல்லது கமுகஞ்சிலாகை பத்து, ஒவ்வொன்றும் மூன்று அடி. ஒவ்வொரு சிலாகையிலும் இரு முனையிலிருந்தும் 13¾ அங்குலத்தில் கோடு போடுங்கள், நடுவில் 8½ அங்குலம் மிஞ்சும். ஐந்து சிலாகையை முனைக்கு முனை கட்டி, ஒன்றின் மேலும் கீழுமாகக் கோர்த்து, குறுக்கே வெட்டும் இடமெல்லாம் இந்தக் கோடுகளில் விழுகிற மாதிரிச் சரிசெய்தால் ஐந்து கூரும் ஒரே அளவாக வரும். கோடு போடாமல் கண்மதிப்பில் கட்டுகிற நட்சத்திரம் எப்போதும் ஒரு பக்கம் நொண்டும். இப்படி இரண்டு கட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஐந்து கூர்களையும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்ளே குறுக்கு வெட்டும் ஐந்து இடங்களிலும் ஏழு அங்குலக் குச்சியை நிமிர்த்தி நுழைத்தால் வயிறு புடைத்து நிற்கும்.

கோதுமைமாப் பசையும் ரிசுக் கடதாசியும் மழை இல்லாத ஊருக்குப் பொருந்தும். இங்கே நிறப் பொலித்தீன் ஒட்டி, ஓரத்துக்கு டேப் அடிப்பதுதான் நிற்கும். கீழ்க் கூர் இரண்டிலும் பென்சில் போகிற அளவு ஓட்டை விட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி நட்சத்திரம் கிழியும். ஏழு வாற் எல்ஈடி பல்ப் ஒன்று தாராளம். கொப்பில் நேராகக் கட்டுவதைவிடச் சின்னக் கப்பி ஒன்றில் நைலோன் கயிறு போட்டு ஏற்றினால் காற்று எழும்பும்போது இறக்கிவிடலாம்.

ஏற்றுகிற நாள்? 15 அல்லது 16. நவம்பரில் ஏற்ற வேண்டாம் என்று சொல்வதற்குச் சமயக் காரணம் மட்டுமில்லை. ஒக்டோபர், நவம்பர் எங்களுக்கு இடிமின்னல் காலம், வெளியே நீட்டிய வயர் வழியாக வீட்டு மின் சாதனங்களுக்கு அடி விழும். டிசம்பர் நடுவில் மழை இருக்கும், மின்னல் குறைந்திருக்கும். அப்போதும் வெளி வயரை மின் கசிந்தால் தானாக விழும் 30 மில்லியம்பியர் றிப் சுவிச் உள்ள இணைப்பிலிருந்தே எடுக்க வேண்டும். மூட்டுகளுக்கு டேப் மட்டும் போதாது. வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் குடை மாதிரிக் கவிழ்த்து, வயரை அதற்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே எடுத்தால் தண்ணீர் வளைவில் சொட்டிப் போகும், மூட்டுக்குள் ஓடாது. மழை நேரம் றிப் சுவிச் விழுந்தால் அதை மறுபடி மறுபடி தூக்கிவிடுவது வீரமில்லை, எங்கோ தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். வெளி பிளக்கைக் கழற்றிவிட்டு விடியும்வரை பொறுங்கள்.

கரோல் குழு 10க்கும் 23க்கும் இடையில் ஏதோ ஓர் இரவு வரும். அன்பியத்தில் (அயல் குடும்பங்கள் சேர்ந்த ஆலயக் குழுவில்) திகதி சொல்லிவிடுவார்கள், நேரம் சொல்ல மாட்டார்கள். மழையில் நனைந்து வருகிறவர்களுக்கு மல்லிக் கோப்பி போதும். கேக்கை அன்றே வெட்டினால் 25க்கு மிஞ்சாது.

26ஆம் திகதியைப் பற்றி எழுதாமல் இந்தக் கரையின் கிறிஸ்மஸை எழுத முடியாது. 2004இல் சுனாமி வந்த அந்தக் காலை நாவலடியிலும் கல்லடியிலும் டச்பாரிலும் பாண்டிருப்பிலும் திருக்கோவிலிலும் பாலன் குடில்கள் வைத்தபடி இருந்த வீடுகளையே கடல் கொண்டுபோனது. ஆண்டுதோறும் அன்று காலை 9.25 முதல் 9.27 வரை நாடெங்கும் மௌனம். கரையோர வீடுகளில் 25ஆம் திகதி இரவோடு பாட்டுப் பெட்டியை நிறுத்தி, 26 முழுக்க வெளி லைற்றை அணைத்துவிட்டு, 27 மாலையில் மறுபடி போடும் ஒழுங்கு பொருத்தமானது. விருந்தாளிகளை 26இல் அழைக்க வேண்டாம். உள்ளூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இதை முன்கூட்டி அறிந்திருப்பது நல்லது.

அந்த ஆண்டில் சாவு விழுந்த வீட்டுக்கும் தனிக் கணக்கு. ஆண்டுத் திவசம் முடியும்வரை நட்சத்திரம் ஏறாது, எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. குடில் மட்டும் சின்னதாக வைப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலகாரம் அயலில் இருந்து போக வேண்டும், 24ஆம் திகதிக்கு முன்னமே போக வேண்டும். அந்த வீட்டிலிருந்து தட்டு திரும்பி வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

முடிக்கிற கதைக்கு வருவோம். கத்தோலிக்க நாட்காட்டியில் கிறிஸ்மஸ் 25இலிருந்து ஜனவரி 1 வரை எட்டு நாளும் ஒரே திருநாள் மாதிரி. ஜனவரி 1 மரியாள் இறைவனின் தாய் பெருவிழா. அதன் பின் திருக்காட்சி, வழமையாக ஜனவரி 6. அதை ஞாயிறுக்கு மாற்றுகிற இடங்களில் 2க்கும் 8க்கும் இடைப்பட்ட ஞாயிறு. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு காலம் முடியும். இது திருக்காட்சிக்கு அடுத்த ஞாயிறு. திருக்காட்சி 7 அல்லது 8இல் விழுந்தால் மட்டும் மறுநாள் திங்கட்கிழமை. 2027இல் ஞாயிறுக் கணக்கில் திருக்காட்சி ஜனவரி 3, திருமுழுக்கு ஜனவரி 10. எப்படிக் கணக்குப் போட்டாலும் ஜனவரி 13ஐத் தாண்டாது. தைப்பொங்கல் 14 அல்லது 15. ஆக எந்த ஆண்டிலும் எங்கள் நட்சத்திரம் இறங்கிய பிறகே அயல்வீட்டு முற்றத்தில் கோலம் விழும். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, ஆனால் தெருவுக்கு நன்றாகப் பொருந்தி வந்திருக்கிறது.

பழைய வழக்கத்தில் பெப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா வரைக்கும் குடிலை வைத்திருக்கிறவர்களும் உண்டு. அது பிழையில்லை. வைக்கோலுக்குள் பூச்சி பிடிக்கத் தொடங்கியிருந்தால் சுரூபங்களை மட்டும் வெள்ளைத் துணியில் வைத்துக்கொள்ளலாம். மெதடிஸ்த வீடுகளில் 31ஆம் திகதி இரவு ஆராதனையும், புது வருடத்து முதல் ஞாயிறுகளில் வரும் உடன்படிக்கை ஆராதனையும் முடிந்ததும் அலங்காரம் இறங்கும். சில சுயாதீன சபைகளில் குடிலும் இல்லை, மரமும் இல்லை. அவர்களுக்கு அவிழ்க்கிற வேலையும் இல்லை. ஜனவரி 2ஆம் திகதியே மரத்தைக் கழற்றுகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு. டிசம்பர் முழுக்க எரித்த லைற்றைத் திருநாள் காலம் நடந்துகொண்டிருக்கும்போது அணைப்பதில் என்ன கணக்கு?

கழற்றும் நாளில் வெளி வயரை முதலில் இறக்குங்கள். மழை விட்டு இரண்டு நாள் வெயில் கண்ட பிறகு இறக்குவது நல்லது, ஈரத்தோடு பெட்டிக்குள் போன வயர் அடுத்த ஆண்டு பச்சை பூத்திருக்கும். எரியவைத்துப் பார்த்து, எரியாத சரத்தை அங்கேயே ஒதுக்கிவிட்டு, நல்லதைக் கடதாசி மட்டை ஒன்றில் சுற்றுங்கள். முழங்கையில் சுற்றினால் உள்ளே கம்பி முறியும். நட்சத்திரத்தின் பொலித்தீனை உரித்து, நுழைத்த ஐந்து குச்சியையும் எடுத்தால் சட்டம் தட்டையாகிவிடும், கூரைக்குக் கீழே செருகி வைக்கலாம். கறையான் ஏறாமல் இருக்க நிலத்தில் சாத்தக் கூடாது. சுரூபங்களைப் பத்திரிகையில் சுற்ற வேண்டாம், ஈரக் காற்றில் மை இறங்கி மரியாளின் முகம் கறுக்கும். பழைய பருத்தித் துணி நல்லது. மினுக்கப்பொடி படாத வைக்கோலும் முளையும் மாட்டுக்குப் போகும். பொடி பட்டது வாழைக்கு அடியில்கூடப் போடத் தகாது, குப்பையோடு போகட்டும்.

பலகாரம் கொண்டுபோன தட்டுகளைக் கேட்டு வாங்கத் தேவையில்லை. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலோடு திரும்பி வரும். பிளாஸ்டிக் தட்டில் அனுப்பியிருந்தால் திரும்பி வராது.